பூட்ஸ் போட்டவர்களுக்கு மட்டும்

கெங்கம்மாளின் புடவைகளில் முழங்காலுக்குக் கீழே பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். "எலி கடிச்சிச்சா கெங்கம்மா?" என்று மண்ணூர்பேட்டை டீக்கடையில் கேலி செய்வார்கள். "ஆமா, கம்பெனி எலி. சம்பளம் குட்த்துட்டு கடிக்குது" என்பாள்.

தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன் அவள் அப்பன் அந்த மண்ணில்தான் கூலிக்கு நாற்று நட்டான். அவள் அங்கேயே ஒரு முலாம் பூசும் பட்டறையில் சேர்ந்தாள். ஆசிட் டிரம்மை உருட்டுவது, தொட்டிகளைக் கழுவுவது, சயனைடு தொட்டியின் கசடை வாளியில் அள்ளுவது எல்லாம் அவள்தான். பதவியின் பெயர் மட்டும் ஸ்வீப்பர்.

போபாலுக்குப் பிறகு அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. ஆபத்தான ரசாயனத்தோடு புழங்குகிறவர்களுக்கெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். யார் யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியவன் சூப்பர்வைசர் மனோகரன். அந்த மேதாவி அதிகம் யோசிக்கவில்லை. வாசலில் நின்று, "பூட்ஸ் போட்டவங்கெல்லாம் உள்ள வாங்கப்பா!" என்று குரல் கொடுத்தான்.

நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் கம்பெனி பூட்ஸ் தரும். முலாம் போடும் ஆண்கள் உள்ளே போனார்கள். ஆசிட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத கணக்குப்பிள்ளையும், சொந்தமாக வாங்கிய பூட்ஸோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

கெங்கம்மாள் வெறுங்காலோடு மனோகரனிடம் வந்தாள். "நானும் ஒரு ஓரமா குந்திகினு கேக்கட்டா சார்? எந்த வாளிய எங்க ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. மூக்கெல்லாம் எரியுது சார்."

"தொடப்பம் புடிக்கறவளுக்கு இன்னாத்துக்கு கிளாசு? அத்த கேட்டு நீ இன்னா பண்ணப் போற? போய் டீ வாங்கினு வா."

வாங்கி வந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு டீ குடித்தார். காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் வெளியே போன பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்: ஆசிட்டும் சயனைடு தண்ணீரும் ஒன்று சேர்ந்தால் விஷவாயு. ஆள் விழுந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பட்டறையில் மூச்சுக்கருவியே கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஆண்கள் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, முன் கூடத்தில் மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். மனோகரன் கெங்கம்மாளைக் கூப்பிட்டான். "தொட்டிகிட்ட தரை கறையா கீது பாரு. மொதலாளி வர்றதுக்குள்ள ஆசிட் ஊத்தித் தேய்."

ஊற்றித் தேய்த்தாள். தேய்த்த தண்ணீரைப் பக்கத்துக் குழியில் தள்ளினாள். அதில் சயனைடு தொட்டியின் கழுவு தண்ணீர் தேங்கியிருந்தது.

துடைப்பம் விழுந்த சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். கதவருகே வந்ததும் பாடம் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டார்கள். பாவிகள், வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்கவில்லை. அவள் கை கொஞ்ச நேரம் ஈரத் தரையில் அசைந்துகொண்டிருந்தது. சந்தனக் கையோடு பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் முதலாளி கங்காதரன் பெருமையாகச் சொன்னார்: "நாங்க டிரெயினிங் குடுத்தவங்க ஒருத்தர் மேலயும் ஒரு கீறல்கூட இல்ல சார்." இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார்.

இரக்கப்பட்டு, அவள் மகள் கன்னியம்மாவுக்கே அந்த வேலையைக் கொடுத்தார்கள். அதே துடைப்பம், அதே வெறுங்கால். முதல் நாள் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவள், மனோகரனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கம்மா எத்த எங்க ஊத்துச்சு சார்?"

"அத்த கேட்டு நீ இன்னா பண்ணப் போற? போய் டீ வாங்கினு வா" என்றான் மனோகரன்.