வெறும் மெழுகில் மல்லி வாசனை

"ஞாயித்துக்கெயமைக்கு வாசனை மெயுகுவத்தி வாங்கணும். நீயும் கூட வா நைனா" என்று மகள் சொன்னபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வேறு எந்தக் கடைக்குக் கூப்பிட்டிருந்தாலும் பயமில்லாமல் போயிருப்பேன். துணிக்கடையோ செருப்புக்கடையோ, ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். வாசனைப் பொருள் விற்கிற கடையில் அப்படி நிற்க முடியாது. முகர்ந்து பார் என்று நீட்டுவார்கள். நீட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது மாதமாக என் மூக்குக்கு எந்த வாசனையும் வரவில்லை. வீட்டில் யாரிடமும் அதை நான் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தேன். எழுந்த பிறகு ரசம் சுடுதண்ணீராக இருந்தது. வாய்க்கசப்பு போனால் சரியாகும் என்று நினைத்தேன். ஒருநாள் வீட்டில் தனியாக இருந்தபோது பால் பொங்கித் தீய்ந்து, பாத்திரத்தின் அடி கருகி, புகை கண்ணில் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்கு நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

வேறு வேலை செய்கிறவனுக்கு இது ஒரு குறை, அவ்வளவுதான். நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன்.

கல்மண்டபத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே நடந்தே போகலாம். பழைய ஃபேக்டரி. கடலுக்குப் போகும் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போட்டுக்கொடுக்கிறோம். தண்ணீரை உறைய வைக்க அமோனியாவைக் குழாய்களில் ஓடவிடுவார்கள். நாங்கள் அதைக் கேஸ் என்போம். குழாய் மூட்டிலோ வால்விலோ அது கசியும். கொஞ்சமாகக் கசிந்தால் நாற்றம் மட்டும் வரும். அதிகமானால் கண் எரியும், தொண்டை அடைக்கும். அதற்கும் மேலே போனால் அங்கே யாரும் நிற்க முடியாது. ஆகவே நாற்றமாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

அஞ்சாவது வரை படித்த எனக்கு அங்கே ஒரு மரியாதை கிடைத்தது மூக்கால்தான். முதலில் ஐஸ் தூக்குகிற ஆளாக இருந்தேன். ஒருநாள் முற்றத்தில் நின்றுகொண்டு, கேஸ் வருகிறது என்றேன். யாரும் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் மேலே ஒரு வால்வில் கசிவு. அன்றிலிருந்து ஃபோர்மேன் என்னைக் குழாய்களைச் சுற்றிவரும் வேலைக்குப் போட்டார். மணிக்கு ஒருமுறை முகர்ந்துகொண்டே நடக்க வேண்டும். அதற்கு மூக்கு ரவுண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

காய்ச்சலுக்குப் பிறகும் அந்த ரவுண்டைப் போய்க்கொண்டுதான் இருந்தேன். கந்தகம் தோய்த்த நூல் ஒன்று எங்களிடம் இருக்கும். அதைக் கொளுத்தி மூட்டுக்குப் பக்கத்தில் காட்டினால், கேஸ் இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை எழும். எந்த மூட்டு என்று உறுதி செய்யத்தான் முன்பெல்லாம் அதை எடுப்போம். நான் ஒவ்வொரு மூட்டுக்கும் அதைக் கொளுத்த ஆரம்பித்தேன். அந்தப் புகையில் எல்லாரும் இருமினார்கள்.

"இன்னாபா, ஃபாதர் தூபம் காட்ற மாரி சுத்திகினு கீற?" என்று ஃபோர்மேன் ஒருநாள் கேட்டார்.

"சொம்மா ஒரு சந்தேகம்ணே" என்றேன். அதன்பிறகு அவர் இருக்கும்போது நூலை வெளியே எடுக்கவில்லை. சுவரோரம் கை போகாத குழாய்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். பார்த்தால் என்ன தெரியும்?

ஃபேக்டரிக்கும் பக்கத்திலிருக்கும் இறால் ஷெட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இருபது பெண்கள் உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. இத்தனையும் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்பது ஒரு பயம். நானாகப் போய் ஒருவரிடம் பேச்சை ஆரம்பிப்பது எனக்கு எப்போதும் வராது என்பது இன்னொன்று. நாளைக்கு மூக்கு திறந்துவிடும் என்று தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புவேன்.

மகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிறவர்களை முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வீட்டுக்குக் கீழே கருவாட்டுக் கடை. அந்த நாற்றத்துக்குத்தான் மெழுகுவர்த்தி.

சர்ச்சுக்கு எதிரே இருக்கும் மெழுகுவர்த்திக் கடைக்குப் போனோம். முன்னால் சர்ச்சில் ஏற்றுகிற வெள்ளை மெழுகுவர்த்திகள் கட்டுக்கட்டாக இருக்கும். உள்ளே ஒரு அலமாரியில் கண்ணாடிக் குவளைகளில் வாசனை மெழுகு. கடைக்கார அம்மாவே பின்பக்கம் உருக்கி ஊற்றுகிறார்.

"கவிச்சி மறையணும்க்கா" என்றாள் மகள்.

"மறைக்கறதுக்குன்னு வாங்காத. கவிச்சியும் மல்லியும் ஒண்ணா கலந்தா அது இன்னும் பேஜாரு. மொதல்ல ஜன்னல தொற. அப்பால இத ஏத்து" என்று நாலைந்து குவளைகளை எடுத்து வைத்தார்.

எங்கே என் பக்கம் நீட்டிவிடுவாரோ என்று, நான் அதற்கு முன்னால் பேச ஆரம்பித்தேன். கடையில் நான் பேசி மகள் பார்த்ததே இல்லை. மூக்குக்கு வேலையில்லாத கேள்விகளாகக் கேட்டேன். திரி ஏன் இதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். அது தள்ளுபடி விலைக்கு வைத்தது, நடுவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் உருகி ஒரு பக்கம் அப்படியே நிற்கும், கண்ணாடியும் சூடேறும் என்றார். இன்னொன்றின் மேல் விரலை வைத்தேன். எண்ணெய்ப்பசையாக இருந்தது. மெழுகு தாங்குகிற அளவுக்கு மேல் வாசனை எண்ணெய் ஊற்றினால் இப்படி வேர்க்கும், அது வெளியிலிருந்து வாங்கிய சரக்கு என்று அவரே அதை ஒதுக்கி வைத்தார். ஏற்றிக் காட்டச் சொன்னேன். சுடர் குதிக்காமல் நிற்கிறதா, நுனியில் கறுப்புப் புகை நூலாகப் போகிறதா என்று பார்த்தேன். கந்தக நூலைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புகை பழக்கம். ஒன்று புகைந்தது. திரி தடிமன், கொஞ்சம் வெட்டிவிட்டு ஏற்ற வேண்டும் என்றார். வெட்டிவிட்டு ஏற்றினால் புகை நின்றது.

"உங்கப்பாரு பொண்ணு பாக்க வந்த மாமியா கணக்கா பாக்கறாரு" என்று அந்த அம்மா சிரித்தார். மகளுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மகள் ஒரு குவளையை முகர்ந்துவிட்டு, இன்னொன்றை முகர்ந்துவிட்டு, மூன்றாவதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எப்டி கீது நைனா?"

அதற்கு முன்னால் அவள் முகர்ந்தது மல்லி என்று காதில் விழுந்திருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்து, கண்ணை மூடி ஆழமாக இழுத்தேன். "மல்லி நல்லா கீது. இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

கடைக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அது ஒண்ணும் போடாத வெறும் மெயுகு சார்! நாலு வாசனைய மோந்தா மூக்கு கொழம்பும்னு நடுவுல அத மோக்க குடுப்போம். வெறும் மெயுகுலயே மல்லிய மோந்துட்டாரு! இவர வேலைக்கு வெச்சிக்கினா எனக்கு எண்ணெ செலவே இல்ல."

நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள். "நாங்க சனிக்கெயம வர்றோம்க்கா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நின்றாள்.

"கண்ண மூடு நைனா."

"எதுக்கு? ஜனங்க பாக்கறாங்க."

"மூடு."

மூடினேன். மாலை நேரம், பஸ்களின் ஹாரன் சத்தம், யார் யாரோ தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். திரும்பினோம், மறுபடி திரும்பினோம். எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. நடுச்சாலையில் நிற்கிறேனோ என்று காலால் தரையைத் தடவிப் பார்த்தேன்.

"இப்ப இன்னா வாசனை வர்து?"

யோசித்தேன். பூக்கடை ஒன்று அந்தப் பக்கம் உண்டு. "பூவு" என்றேன்.

"கண்ண தொற."

கருவாட்டுக் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நெத்திலி குவிந்து கிடந்தது. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?" என்றாள். சொன்னேன். "அம்மா அந்த ஷெட்ல தான ஒக்காந்துகினு கீது? நீ அங்க இன்னாத்த மோந்துகினு கீற?" என்றாள். பிறகு மெதுவாக, "நாளிக்கி நீ சொல்லு. இல்லாட்டி நான் வந்து சொல்வேன்" என்றாள்.

மறுநாள் காலை ஷிப்டில் முதல் ரவுண்டை முடித்துவிட்டுத்தான் போனேன். ஃபோர்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கதவுப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா, லீவு வேணுமா?"

"மூக்கு தெரிலண்ணே."

"சளியா?"

"காய்ச்சல் வந்ததுலேந்து. ஒம்போது மாசம்."

டீயைக் கீழே வைத்தார். "ஒம்போது மாசம்" என்று அவரும் ஒருமுறை சொன்னார். "உன்ன நம்பி நான் இங்க குந்திகினு டீ குட்சிகினு கீறேன்யா." கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. எழுந்து நூலை எடுத்துக்கொண்டு, முன்னால் நட என்று கையைக் காட்டினார்.

கம்ப்ரசர் பக்கம் ஒன்றுமில்லை. ஐஸ் உறைகிற தொட்டியின் பக்கம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மூட்டிலும் அவர் முகத்தையே பார்த்தேன். இறால் ஷெட் சுவரை நெருங்கும்போது, இன்னும் மூன்று எட்டு இருக்கையிலேயே அவர் நின்றுவிட்டார். மூக்கு சுருங்கியது.

"அடிக்குதேயா. இங்க எப்ப வந்த?"

"இப்பதான். ஒரு மணி நேரத்துக்கு முன்ன."

ஒரு கோலின் நுனியில் நூலைக் கட்டிக் கொளுத்தி மேலே தூக்கினார். சுவரோரம் இருந்த வால்வின் கழுத்தில் வெள்ளையாகப் புகை எழுந்தது. மெல்லிய புகைதான். ஆனால் விடாமல் வந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"லைன நான் மூட்றேன். நீ போயி பொம்பளைங்கள வெளிய இட்டா. ஓட சொல்லாத. சொம்மா வர சொல்லு."

அந்த ஷெட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. வாசலில் போய் நின்றேன். இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "கேஸ்" என்றேன். "லேசாதான். வெளிய வந்துடுங்க." இறாலைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். என் மனைவி கடைசியாக வந்தாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சிது?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரில. ஃபோர்மேன் கண்டுபுட்ச்சாரு. எனக்கு மூக்கே தெரில."

ரோட்டோரம் எல்லாருக்கும் நடுவில் வைத்துத்தான் சொன்னேன். அவள் இறால் நீர் சொட்டுகிற கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "இதுகூடமா?" நான் தலையாட்டினேன்.

"அட பாவி மனுசா! தெனம் எலுமிச்சம்பயத்த தேச்சி தேச்சி கை தோலு போச்சு எனக்கு!" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு சுவரையும், வெளியே நின்ற பெண்களையும் பார்த்தாள். அந்தக் கையை இறக்கி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வால்வை இறுக்கிவிட்டு ஃபோர்மேன் வெளியே வரும்வரை விடவில்லை.

வேலை போகவில்லை. என்னை ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு மாற்றினார்கள். மூக்கு ரவுண்டை ஃபோர்மேனே போகிறார். கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி வாங்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். சுடரையும் திரியையும் நான் பார்த்தேன். மனைவி முகர்ந்தாள். வாசனை தூக்கலாக இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டாள்.

"இத ஏத்தி வெச்சா சிலிண்டரு தொறந்து கெடந்தாகூட தெரியாது. உள்ளதுலயே கம்மியா கீறத குடு."

"அதுக்கு நீ சர்ச் மெயுகுவத்தியே வாங்கிக்கலாமே" என்று கடைக்கார அம்மா முணுமுணுத்தார். ஆனாலும் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெட்டிவேர் என்று சொன்னார்கள். ஏற்றிப் பார்த்தேன், புகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, முன்னறையில் அதை ஏற்றினாள் மகள். எல்லாரும் பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நான் மூன்று முறை எழுந்துபோய் சிலிண்டரின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு சமையலறைக் கதவுக்கு எதிரே, மனைவியின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஏதாவது நாற்றம் வந்தால் அவள் மூக்குதான் முதலில் சுருங்கும். அவர்கள் போகும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.