கிளீனர் இல்லாத வண்டி

வண்டி புறப்படும் முன் அவள் கையை மடக்கி, விரல் முட்டியால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அண்ணன் கியரைப் போடுவான்.

அப்பா போன பிறகு அண்ணன் சரக்கு வேன் வாங்கினான். சம்பளத்துக்கு ஆள் வைக்க வக்கில்லை. ஏழாவது படித்துக்கொண்டிருந்த தங்கையை நிறுத்தி வண்டியில் ஏற்றினான். அன்றிலிருந்து 'கிளீனர்' என்பதே அவள் பேராகிவிட்டது. அவள் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது அவசர லோடும் கூடவே வந்துவிடும். ஒருமுறை மூட்டை தூக்குகிறவன் விளையாட்டாக இரண்டு தட்டு தட்டினான். அண்ணன் அசையவில்லை. "இது எங்க கிளீனர் தட்டு இல்லையே, யார்ரா அது?" என்று எட்டிப் பார்த்தான். அந்தப் பேச்சை அவள் நகை மாதிரி மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டாள்.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகள், பெற்றோர் அங்கே வந்து சுற்றிப் பார்க்க ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே.

"கிளீனர் இல்லாம நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்றான் அண்ணன். அவள் பூரித்துப் போனாள்.

"வரட்டுமே" என்று அண்ணி சிரித்தாள். "கக்கூஸ் தொட்டிய யார் கழுவுறது, நானா?"

வண்டியில் அவளுக்கென்று கட்டில் இல்லை. சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தை போட்டால் அதுதான் படுக்கை. அவர்கள் சீட்டாடி முடிக்கும்வரை கதவோரம் உட்கார்ந்து தூங்கி விழுவாள். காலையில் அண்ணி வந்து போர்வையை இழுப்பாள். "எந்திரி. காபிய எங்க வைக்கிறது, உன் தலை மேலயா?" ஒரு வளைவில் அலமாரிக் கதவு திறந்து பீங்கான் தட்டெல்லாம் நொறுங்கியது. கொக்கி மாட்ட மறந்தது அண்ணி. திட்டு விழுந்தது கிளீனருக்கு.

ஒருநாள் வெளியே குனிந்து கழிவுக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பேச்சு கேட்டது.

"என்னங்க, ஊருக்குப் போனதும் உங்க தங்கச்சிய அந்தப் பொம்பளைங்க இல்லத்துல சேத்துடலாம். அவ இருக்கிற பின்ரூம்ல நான் சாமான் வைக்கணும்."

"பாக்கலாம்."

"எத்தன வருஷம்தான் பாப்பீங்க?"

"சும்மா இரு. பின்னால அவ நின்னாத்தான் எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே கை ஓடுது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினாள். ஒரு தப்பு நடந்தால் பின்ரூம் போய்விடும் என்ற பயத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிவுக் குழாயை அளவுக்கு மீறி இறுக்கப் போய், அது நழுவியது. பக்கத்தில் நின்ற அண்ணியின் புதுச் செருப்பெல்லாம் கழிவு.

அண்ணி கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டாள். "கழுவிட்டு வா. துளி நாத்தம் இருக்கக் கூடாது."

பங்க்கின் ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது கேட்டது. டக்டக். இடைவெளியே இல்லை. நிமிர்ந்தாள். திறந்த ஜன்னலுக்கு வெளியே, தகரத்திலிருந்து அண்ணியின் மோதிரக் கை உள்ளே போனது. வண்டி நகர்ந்தது. "அண்ணா!" என்று ஓடினாள். சாலைவரை ஓடினாள்.

பாஸ்போர்ட் வண்டிக்குள். அந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல் தெரியாது. கல்லாவில் இருந்த பெண் என்னவோ கேட்டாள். இவள் ஈரச் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். விற்க வந்தவள் என்று நினைத்து அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வெயில் சாய்ந்த பிறகு வண்டி திரும்பி வந்தது. பின்பக்கம் நசுங்கியிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்று இறங்கினான் அண்ணன். "நிறுத்துற இடத்துல பின்னாடி நின்னு சொல்ல ஆளில்லாம கம்பத்துல ஏத்திட்டேன்!"

"தட்டிட்டு இறங்கிப் போயிருக்கா" என்றாள் அண்ணி, இருக்கையை விட்டு எழாமல். "புத்தி பேதலிச்சிருச்சு. இவள எப்படிங்க வீட்ல வச்சுக்கிறது?"

"நீ தட்டினியா?" என்று அண்ணன் கேட்டான்.

வாழ்நாளில் அவள் அவனை எதிர்க்கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டாள். "அது என் தட்டாண்ணா? உனக்குத் தெரியாதா?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து நசுங்கிய தகரத்தைத் தடவினான். "தகரத்துல யார் தட்டினாலும் ஒரே சத்தந்தான். ஏறு."

அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கியரைப் போட்டிருக்கிறான்.

ஏறினாள். செருப்பை அண்ணியின் காலடியில் வைத்தாள். தட்டவில்லை. பழக்க தோஷத்தில் அண்ணன் கியரில் கை வைத்தபடி காத்திருந்தான்.

"போங்களேன்" என்றாள் அண்ணி. போனான்.

இப்போது அவள் ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் இல்லத்தில் இருக்கிறாள். அங்கே பாத்திரம் கழுவும் வேலை அவளுடையது. பின்ரூமில் சாமான் இருக்கிறது. அண்ணன் தன் வண்டிக்குப் பின்னால் ரிவர்ஸ் கேமரா மாட்டிக்கொண்டான்.