குடிக்காதவர்களின் தள்ளாட்டம்

எழுதிப் பழகாத கை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போயிற்று.

சாராயக் கடைகள் திறந்திருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், உப்பிலியபுரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மருமகளாக வந்தேன். மாமனார் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். ஐம்பது வயதில் அவர் கைகள் தாமாகவே துள்ள ஆரம்பித்தன. நடந்தால் கால் கோணிக்கொண்டு போகும். முதலாளி தினமும் எல்லார் முன்னாலும் அவரை வாயை ஊதச் சொல்வாராம். வாடை வராது. வெற்றிலை போட்டு மறைக்கிறான் என்று சொல்லி ஒருநாள் விரட்டிவிட்டார்.

அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் மாமியாரே தெருவெல்லாம் குடிகாரர் என்று சொல்லிவந்தார். ஏன் அத்தை என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாமனாருடைய அப்பாவும் அறுபதுக்கு மேல் இப்படித்தான் ஆடிச் செத்தாராம்.

"குடிகாரன் வீட்டுக்குப் பொண்ணு குடுப்பாங்க. வியாதிக்கார வம்சத்துக்குக் குடுப்பாங்களா? தெரிஞ்சிருந்தா உங்கப்பா உன்னைக் குடுத்திருப்பாரா?"

பக்கத்து அறையில் கிடந்த மாமனாருக்கு அது கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு வந்தாலும் ஐம்பதில்தானே வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்திலேயே வந்துவிட்டது. சோற்றை அள்ளினால் பாதி தரையில். மகள் அப்போது சின்னப் பெண்.

திருச்சியில் ஒரு டாக்டர் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாக எங்கள் குடும்பத்தைப் படம் போட்டுப் பார்த்தார். தலைமுறைக்குத் தலைமுறை முந்திக்கொண்டு வருகிறது, காரணம் தெரியவில்லை என்றார். பல வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்களாம். உடம்புக்குள் மரபணு என்று ஒன்றில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப எழுதியிருக்குமாம். பிள்ளைக்கு நகல் எடுக்கும்போது அது கூடிப்போகுமாம். சிலேட்டில் ஒரே எழுத்தை வரிசையாக எழுதினால் நம்மையறியாமல் இரண்டு அதிகமாக விழுமே, அப்படி. வரிசை நீள நீள வியாதியும் சீக்கிரம் வரும். அப்பா வழியாக வந்தால் இன்னும் நீளுமாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார்: "இவனும் குடிக்கிறான்னு சொல்லிடு. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

மறுநாள் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, உங்க வீட்டுக்காரர் ஏன் இப்படித் தள்ளாடுகிறார் என்று கேட்டார். பின்னாலிருந்து என் வீட்டுக்காரரே சொன்னார்:

"குடிச்சிருக்கேங்க."

அதை நம்பித்தான் பின்னால் ஒரு குடும்பம் என் மகளை மருமகளாக எடுத்தது. இப்போது அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எழுத்து அம்மா வழியாகப் போனாலும் நீளுமா, நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.