குரல் கொடுத்துத் தூக்கணும்

பக்கிரி மாமா விட்டெறிந்த சொம்பில் என் அக்கா குப்புவுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. அவரைக் குளிப்பாட்டத் தூக்கியிருக்கிறாள், அவ்வளவுதான் அவள் செய்தது. நான் போனபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன், அடுத்து எதை எறியலாம் என்று இடது கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கைதான் மாமாவுக்கு மிச்சம். தை மாசம் வாதம் அடித்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. உயிருக்கு பயமில்லை, ஆனால் இனிமேல் எல்லாத்துக்கும் ஆள் துணை வேணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆள் துணை என்கிற பேச்சே அவருக்கு ஆகாது. சித்திரைப்பேட்டைக் கரையில் பக்கிரிக்கு வாயைவிடக் கைதான் பேசும். சுருக்குமடி வலைத் தகராறில் நடுக்கடலில் எதிராளி போட்டுக்குத் தாவி, துடுப்பால் இரண்டு மண்டையைப் பிளந்தவர். ஏலத்தில் பேச்சு மாறின வியாபாரியை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே ஏறி உட்கார்ந்து பீடி குடித்தவர். ஆனால் அக்கா மேல் கை வைத்ததே கிடையாது. படுக்கையில் விழுந்த பிறகுதான் அதுவும் நடந்தது.

அன்றைக்கு மதியமே அவர் மகள் மோனிகா சிதம்பரத்திலிருந்து வந்துவிட்டாள். அங்கே ஸ்கூல் டீச்சர். அம்மாவின் வாயைப் பார்த்தாள், அழவில்லை. அம்மாவை நான் கூட்டிப் போகிறேன், அப்பாவை ஏதாவது ஹோமில் சேருங்கள் என்று என்னிடம் சொன்னாள். அக்கா மறுப்பே சொல்லாமல் புடவைகளைப் பையில் வைத்தாள். அவள் போனால் மாமா பிழைக்கமாட்டார். இருந்தால் அவள் பிழைக்கமாட்டாள்.

பேசிப் பார்க்கலாம் என்று நான் மாமாவிடம் போனேன். பேசும்போது கை நீளாமல் இருக்கட்டும் என்று அவருடைய இடது கையைக் கட்டில் சட்டத்தோடு நைலான் கயிற்றால் கட்டினேன். போட்டைக் கட்டுகிற முடிச்சுதான். வேறு முடிச்சு எனக்குத் தெரியாது. ஆள் வைக்கலாம், இல்லாட்டி ஹோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா பல்லால் கயிற்று நுனியைக் கவ்வி ஒரே இழு. எனக்கு அந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கயிறு சாட்டை மாதிரி என் மூஞ்சியில் விழுந்தது. அப்புறம் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் புரண்டோம். ஒற்றைக் கை என் தொண்டையை நெரிக்க, நான் அவர் மார்பில் முட்டி வைத்து அறைந்தேன். அவர் உதடு கிழிந்தது. மோனிகா ஓடி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தோம்.

"உனக்கு என்னதான் வேணும் மாமா? சொல்லித் தொலை" என்றேன்.

வாய் கோணிப்போனதால் அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். "கரையில கெடக்குற போட்ட, குரல் குடுக்காமத் தள்ளுவியாடா மச்சான்?"

"மாட்டேன்."

எங்கள் கரையில் யாரும் அப்படித் தள்ளமாட்டார்கள். ஒருத்தன் ஏலேலோ போட்டு, மற்றவன் ஐலசா சொன்ன பிறகுதான் தோள் கொடுப்போம். இல்லாவிட்டால் போட் சாய்ந்து எவன் காலாவது போகும்.

"இந்தப் பக்கம் செத்துக் கெடக்கு. யாரு தொடறா, எங்க தொடறான்னே தெரியல. திடீர்னு அந்தரத்துல தூக்கறீங்க. விழறேன்னு அடிக்கிறேன்."

பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அவர் மானம் போகும் என்று இத்தனை நாளும் வாயே திறக்காமல்தான் தூக்கியிருந்தோம்.

வாசற்படியில் நின்ற அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"குரல் குடுக்காதது எங்க தப்பு. பல்ல ஒடச்சது உன் தப்பு. ரெண்டையும் ஒண்ணாக்காத. சோறு போடுவேன், இனிமே கழுவ மாட்டேன். இன்னொரு தடவ கை வந்துச்சு, நான் சிதம்பரத்துலதான் இருப்பேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. அக்கா மோனிகாவோடு சிதம்பரம் போய், வாயில் தையல் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது கழுவிவிடுவது நான். கடலிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஏலேலோ போடுவேன். உள்ளேயிருந்து கோணல் வாயில் ஐலசா வரும், அப்புறம்தான் தூக்குவேன். பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு, பக்கிரிய இன்னைக்கு எந்தக் கடல்ல எறக்கறீங்க என்று நக்கல் அடிக்கிறான். அடிக்கட்டும். போன வெள்ளிக்கிழமை சோப்பு வழுக்கி, சொல்லாமல் பிடித்துவிட்டேன். காதோடு ஒன்று விட்டார், இன்னும் விண் விண் என்கிறது. நானும் திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா சோற்றுத் தட்டை எட்ட வைத்து, "கிட்ட வரலாமா" என்று கேட்ட பிறகே பக்கத்தில் தள்ளுகிறாள். அவளுடைய இன்னொரு கையில் இரும்புக் கரண்டி இருக்கும். மாமா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறார்.