என்ஜினை அணைத்தால் கேட்கும் சத்தம்

என் அக்காவின் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருடமாக நுவரெலியாவில் ஓட்டுகிறார், இருந்தும் தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன், என் கராஜில் நாலு பேர் நிற்கும்போதும் சொல்லியிருக்கிறேன்.

அவர் வைத்திருப்பதைக் கார் என்றும் சொல்ல முடியாது. எந்தக் காலத்திலோ ஒரு தோட்டத்துத் துரை, வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வந்த பைபர் உடம்பை ஒரு பழைய காரின் அடித்தளத்தில் பூட்டி, தன் கையாலேயே கட்டிய ஸ்போர்ட்ஸ் வண்டி அது. துரை போன பிறகு பங்களா ஷெட்டில் கோழி அடைந்து கிடந்தது. மச்சான் கெஸ்ட் ஹவுஸ் வைத்து நாலு காசு பார்த்ததும் அதை வாங்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தினார். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையானால் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து இறம்பொடை அனுமார் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

கோயிலுக்குப் போகும் மலை இறக்கத்தை அவர் இறங்கும் அழகு தனி. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்த ஊரில் பாதிப்பேருக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றியது. உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, என்ஜினை அணைத்துவிட்டு, கீழே வரைக்கும் சும்மா உருள்வது. வரிசை போனதும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். மச்சான் விடவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

"மாப்ள, பிரேக்கு புடிக்க மாட்டேங்குது. எறக்கத்துல லபுக்கல தோட்டத்த தாண்டுனா மிதி மிதின்னு மிதிக்க வேண்டியிருக்கு. முன்னுக்கு கடகடன்னு ஒரு சத்தம் வேற" என்று ஒருநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கியர்ல எறங்குங்க மச்சான், என்ஜினே வண்டிய இழுத்து வச்சிக்கும், பிரேக்கும் பிடிக்கும்."

"பெட்ரோலு யாரு, நீயா ஊத்துற?"

அக்கா போனில் கூப்பிட்டதால்தான் வேலையை எடுத்தேன். "நல்லா பண்ணிக் குடுடா. நான்தானே பக்கத்துல ஒக்காந்து போறேன்" என்றாள்.

முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, உடைந்த ஜப்பான் வான் ஒன்றிலிருந்து டிஸ்க் பிரேக் எடுத்துப் பொருத்தினேன். பிராக்கெட்டை நானே வெட்டினேன். முன்பக்க ரப்பர் புஷ் எல்லாம் மாவாகப் போயிருந்தது, புதிதாக அடித்தேன். கடைசியாக, டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கெலிப்பரை இடது சக்கரத்தில் வைத்து, இரண்டு போல்ட்டையும் விரலால் திருகிவிட்டு ஸ்பெனரை எடுக்கத் திரும்பினேன். மச்சான் கையில் போனோடு நின்றார். எவனோ வெளிநாட்டில் இதே வேலையைச் செய்யும் வீடியோவாம். "இவன் வேற மாதிரி பூட்டுறான் மாப்ள."

சும்மா விடுவேனா? நியூட்ரல் கதையிலிருந்து ஆரம்பித்து, ஒரு தடவை அவர் பெட்ரோல் டாங்கிக்குத் தண்ணீர் ஊற்றியது வரைக்கும் எடுத்துவிட்டேன். கராஜே சிரித்தது. அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்து போயிருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே சக்கரத்தைப் பூட்டி வண்டியை இறக்கினேன்.

டவுனைச் சுற்றி நானே ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கும்மென்று பிடித்தது. பின்னால் இருக்கிற அந்த என்ஜின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். "சத்தம் போகல மாப்ள. இப்ப வேற மாதிரி, டொக்கு டொக்குனு. பிரேக்க மிதிச்சா நிக்குது, விட்டா வருது."

நானும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. "சத்தம் வண்டியில இல்ல, ஒங்க காதுல. டொக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். பிரேக்கை மிதித்தால் நிற்கிற சத்தம் என்று தொழில் தெரியாத மனிதர் விரலை வைத்துக் காட்டியும் நான் யோசிக்கவில்லை. கைத்தொழில் தெரிந்தவனைப் பாஸ் என்பது இந்த ஊர் வழக்கம்; எனக்கும் பெயர் பாஸ்.

"நாளைக்கி நீயும் வா. வந்து கேளு" என்றார். அவருடைய மடத்தனத்தை அக்காவுக்கு எதிரில் நிரூபிக்க வேண்டும் என்றே போனேன். பின்னால் ஒரு பலகை அளவு இடத்தில் முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். அக்கா முன்னால், மடியில் அர்ச்சனைத் தட்டு.

உச்சியில் வழக்கம்போல் நியூட்ரல். வழக்கம்போல் என்ஜினை அணைத்தார். இரைச்சல் நின்றது. காற்றும் டயரும் மட்டும்தான் கேட்டன.

டொக். டொக். டொக்.

இடது முன்சக்கரம், அக்காவின் காலடிக்கு நேர் கீழே. கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது, அன்றைக்குக் கராஜில் ஸ்பெனரை நான் எடுக்கவே இல்லை என்று.

"மெதுவா ஓரத்துல நிப்பாட்டுங்க மச்சான்."

வளைவுக்கு முன்னால் நின்றது. பக்கத்தில் வேலிகூட இல்லை, தேயிலைச் சரிவுதான். மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். கீழ் போல்ட் பாதி வெளியே வந்திருந்தது. மேல் போல்ட் விரலுக்கே சுழன்றது. வண்டியில் கிடந்த ஸ்பெனரை வாங்கி இரண்டையும் இறுக்கினேன். ஸ்பெனரோடு எழுந்தேன்.

"என்னா மாப்ள?"

"கல்லு ஒண்ணு சிக்கியிருந்துச்சி."

"நான் சொன்னேன்ல" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த ஸ்பெனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெஸ்ட் ஹவுசுக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் என்னைக் காட்டி, "இவருதான் நம்ம பாஸ், இந்த வண்டியில இவரு மட்டும்தான் கை வைப்பாரு" என்கிறார். நான் தலையாட்டுகிறேன். அவருக்கு இன்னமும் கார் ஓட்டத் தெரியாது, என்ஜினை அணைத்துத்தான் இறங்குகிறார். கியரில் இறங்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.