‘அக்கா’ அணியில் இரண்டு பேர்

என் அப்பா வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். ஏதாவது ஓடிக்கொண்டிருந்து நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று தெரியும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டு ஃபேன் நின்றாலும் அப்படித்தான், எதிர்வீட்டுக்காரர் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினாலும் அப்படித்தான். "அப்புறம்?" என்று கேட்டே மனிதரைப் படிக்கட்டுவரை துரத்திக்கொண்டு போவார்.

அப்படிப்பட்டவர், தன் மச்சானோடு பேச்சு நின்றுபோனதை மட்டும் பல வருடங்களாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டால் "அது கெடக்கட்டும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான் என்றால் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். அவரும் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே கருவிப் பை. அப்பா கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார், மாமா அடியில் குழிக்குள் இருப்பார். கீழே வேலை முடிந்ததும் மேலே இருப்பவர் "போடலாமா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் "போடு" என்று திரும்பக் கத்த வேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் மின்சார சுவிட்சில் கை வைக்கக் கூடாது. பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி கத்திக்கொண்டும் இருக்கக் கூடாது. எத்தனை மாடியானாலும் படியிறங்கிப் போய், ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். இது மாமா போட்ட சட்டம். நான் கூப்பிட்டு அம்மா சமையலறையிலிருந்து பதில் சொல்லாவிட்டால்கூட, "கத்தாத, போய்ப் பாரு" என்றுதான் அப்பா என்னை வளர்த்தார்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் மறந்தாள். கடைசியில் அப்பாவை "லிஃப்ட்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்பாவும் சளைக்காமல் "சொல்லுங்கம்மா, எந்த மாடி?" என்று கேட்பார். அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் ஒரு நாளில் எத்தனை தடவை லிஃப்ட்காரராக இருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா போன பிறகு மாமா எங்கிருந்தோ ஒரு செய்தியோடு வந்தார். அந்த நோயை ஆராய்கிறவர்கள் பெரிய பெரிய கணக்குகளைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்களாம். நம் கம்ப்யூட்டர் ஒரு துண்டை வாங்கி, மணிக்கணக்காகப் போட்டுப் பார்த்து, விடையைத் திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது. செய்த வேலைக்குப் புள்ளிகள் மட்டும் ஏறும். இருவரும் அன்றே சேர்ந்தார்கள். அணிக்கு ஒரு பெயர் கேட்டது. மாமா "அக்கா" என்று போட்டுவிட்டார். எனக்கு அவ அக்கா இல்லையே என்று அப்பா கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், அப்புறம் விட்டுவிட்டார். அணியில் அவர்கள் இரண்டே பேர். அப்பா தனக்கு ‘மேல்’ என்று பெயர் வைத்துக்கொண்டார், மாமா ‘கீழ்’.

அதற்கப்புறம்தான் அந்த நாள் வந்தது. அப்பா மேலேயிருந்து கத்தினார், சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் கிளம்பிக் கீழே வந்தது. மாமா குழியின் மூலையில் சுருண்டு படுத்துத் தப்பித்தார். லிஃப்டைத் தாங்கக் குழியில் நிறுத்தியிருக்கும் சுருள்கம்பிமேல் அவர் வைத்திருந்த சாப்பாட்டு டப்பா தட்டாக நசுங்கிவிட்டது. தான் பதிலே சொல்லவில்லை என்றார் மாமா. அப்பா, "போடு"ன்னு தெளிவாகக் கேட்டது என்றார். மாமா நசுங்கிய டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர்தான். ஒரே ஊரில், பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை.

ஆனால் அணியை விட்டு மட்டும் இருவருமே விலகவில்லை. பெயர் அக்கா ஆயிற்றே.

காலையில் காப்பியைக்கூடத் தொடாமல் அப்பா அந்த அணிப் பக்கத்தைத்தான் திறப்பார். தன் புள்ளிகளைப் பார்க்கமாட்டார். ‘கீழ்’ என்ற வரியில் எண் நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏறியிருந்தால் ஒரு சின்ன உறுமல், பிறகு காப்பி. மாமா நன்றாக இருக்கிறார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சேதி அதுதான். ஃபோன் செய்யலாமே என்று நான் வாயெடுத்தால், காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். காது உண்மையிலேயே கேட்காது என்பது வேறு கதை. டி.வி. சத்தம் தெருமுனைவரை போகும். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது" என்பார், நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில்.

எங்கள் கம்ப்யூட்டர் அரதப்பழசு. அதில் இருந்த விண்டோஸும் பழசு. அது அவ்வப்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் பேர்வழி என்று, ஓடுகிற கணக்கை அப்படியே அறுத்துவிட்டு, தானாக நின்று தானாகக் கிளம்பும். ஒரு நாள் மதியம் நான் வேலைக்கு நடுவே சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, அப்பா கம்ப்யூட்டரை அடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார். முடியப்போகிற நேரத்தில் ஒரு பெரிய துண்டு போய்விட்டதாம்.

"ஒரு வார்த்த கேக்காம நிறுத்திட்டான் பாரு. என் வீட்டு மெஷினு, என்னைக் கேக்க வேணாமா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கேட்டுச்சுப்பா. ‘போடலாமா’ன்னு ஓரத்துல ஒரு பெட்டி வந்துச்சு. நீங்க பதில் சொல்லல. சொன்னதா அதுவா நெனச்சுக்கிட்டு போட்டுருச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அப்பா சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். இவ்வளவு நேரம் ஒரு டம்ளரைக் கழுவியவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் சொன்னார், விண்டோஸைத் தூக்கப் போகிறேன் என்று. பதிலுக்குக் காத்திருக்கத் தெரியாத ஒன்று என் வீட்டில் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸ் என்ற இன்னொன்று. அது நீ சொன்னால்தான் நிற்கும், சொன்னால்தான் கிளம்பும் என்று எங்கோ படித்திருந்தார். இன்னொரு காரணமும் இருந்தது, அதை நானே கண்டுபிடித்தேன். யார் எந்தக் கம்ப்யூட்டரில் எதை வைத்து ஓட்டுகிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருக்கும். மாமா எப்போதோ லினக்ஸுக்கு மாறியிருந்தார். மாறிய நாளிலிருந்து அவர் புள்ளிகள் தாவித் தாவி ஏறி, பட்டியலில் ‘கீழ்’ மேலேயும் ‘மேல்’ கீழேயுமாக இருந்தது. இதைச் சொல்லி நான் சிரித்ததற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

கையில் இருந்த துண்டுகளை முடித்து அனுப்பும்வரை காத்திருந்தார். அடுத்தவர் வேலையை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டை இடிக்கக் கூடாதாம். கடைசித் துண்டு போனதும், கம்பெனி நாளில் சுவிட்சில் தொங்கவிடும் தகரப் பலகையைத் தேடி எடுத்து வந்து கம்ப்யூட்டர்மேல் மாட்டினார். ‘ஆள் உள்ளே. தொடாதே’ என்றிருந்தது. லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த பென்டிரைவைச் செருகினார். அவர் பயந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காய்கறி நறுக்கி முடிப்பதற்குள் லினக்ஸ் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார்.

வந்து உட்கார்ந்ததே தவிர, வெளியே பேச மறுத்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய வைஃபை சில்லு எதுவென்று லினக்ஸுக்குத் தெரியவில்லை. இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் இல்லையென்றால் துண்டு வராது, புள்ளி ஏறாது.

ஹாலில் இருக்கும் மோடத்திலிருந்து அவர் அறைக்கு ஒரு வயர் இழுத்தால் தீர்ந்தது. நான் சொன்னேன். பரணில் ஒரு சுருள் வயர் கிடக்கிறது என்றும் சொன்னேன். எங்கே கேட்கிறார்? நேற்றுவரை வயர் இல்லாமல் வந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய ஆலோசனைகளையெல்லாம் படித்தார். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். ஒன்றும் மசியவில்லை. நாள் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமாவிடம் கேளுங்கள், அவர் இதையெல்லாம் தாண்டித்தானே வந்திருப்பார் என்றேன். காது கேட்கவில்லை.

அப்போதும் காலையில் மட்டும் என் ஃபோனில் ‘கீழ்’ ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவார். ஏறியிருந்தது. ‘மேல்’ அசையாமல் நின்றது. அதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் முற்பகல் கதவு தட்டப்பட்டது. மணி இருக்கிறது, ஆனாலும் தட்டல். திறந்தால் மாமா. தலை மொத்தமும் வெள்ளை. தோளில் அந்தப் பழைய கருவிப் பை. மூச்சு வாங்கியது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, அது கீழே வரும்வரை காத்து நிற்க முடியாமல் படியேறியே வந்துவிட்டாராம்.

"அத்தான் இருக்காரா?"

"இருக்காரு மாமா. உள்ளதான்."

"இருக்காருல்ல," என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடக் கோபத்தையும் அந்த நிலைப்படியிலேயே நான் மன்னித்துவிட்டேன், யாரும் என்னைக் கேட்கவில்லை என்றாலும்.

அறையில் அப்பா மேஜைக்கு அடியில் இருந்தார். டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக, கால் மட்டும் வெளியே. மாமா வாசலில் நின்று "அத்தான்" என்றார். பதில் இல்லை. காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, முழங்கால் வலிக்கு முனகிக்கொண்டே தரையில் குனிந்து, மேஜைக்கு அடியில் முகத்தை நீட்டினார்.

அப்பா தலையை மேஜையில் இடித்துக்கொண்டார்.

"நாலஞ்சு நாளா உங்க நம்பர் நகரல," என்றார் மாமா. "பதில் வரலன்னா இறங்கிப் போய்ப் பாக்கணும்ல. அதான் வந்தேன்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். இன்னொரு தரம் சொல் என்று அர்த்தம். என்னிடம் எப்போதும் செய்வதுதான். மாமா அதைக் கவனித்தார். திரும்பி, காது எப்போதிலிருந்து இப்படி என்று என்னைக் கேட்டார். ரொம்ப வருடமாகவே என்றேன்.

மாமா எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அப்பாவின் வலது காதுப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"அன்னிக்குமா?"

அப்பா வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த டார்ச்சை அணைக்க மறந்திருந்தார்.

"அன்னிக்குந்தான். எனக்கு ஒண்ணுமே கேக்கல மச்சான். கேக்கலன்னு சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு பயம். நான் இறங்கி வந்திருக்கணும். வரல."

"நான் செத்திருப்பேன் அத்தான்."

"ஆமா," என்றார் அப்பா.

வேறு யாராவது இருந்தால் அங்கே ஒரு சமாதானப் பேச்சு நடந்திருக்கும். இவர்கள் இரண்டு பேரும் எரிந்துகொண்டிருந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாமாதான் கை நீட்டி அதை அணைத்தார். பிறகு கம்ப்யூட்டர் மேல் தொங்கிய பலகையைப் பார்த்து, இதை எங்கே திருடினீர்கள், இது என்னுடையது என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, வீட்டில் வயர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

நான் சொன்ன அதே வயர்தான். மாமா சொன்னதும் அப்பா பரணில் ஏறி எடுத்து வந்தார். எனக்கு வந்த கோபத்தைக் காப்பியில் கலந்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன். மாமா ஹாலில் மோடத்தருகே ஒரு முனையோடு உட்கார்ந்தார், அப்பா அறையில் மறுமுனையோடு. "போடலாமா?" என்று அப்பா கத்தினார். மாமா பதில் சொல்லாமல் எழுந்து போய், அவர் கண்ணுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ‘மேல்’ நகர ஆரம்பித்தது.

இப்போது ஹாலின் குறுக்கே அந்த வயர் நிரந்தரமாகக் கிடக்கிறது. தினமும் தடுக்கி விழப் போகிறேன், தினமும் திட்டுகிறேன். அப்பா காதுக் கருவி மாட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், பாதி நாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதனால் ஃபோனில் பேச்சு கிடையாது, எழுத்துதான். தூசி துடைக்கக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால் அப்பா மாமாவுக்கு "நிறுத்தலாமா?" என்று அனுப்புவார். "நிறுத்து" என்று வந்த பிறகுதான் கை வைப்பார். கிறுக்குத்தனம் என்று நான் சொன்னதுண்டு.

போன வாரம் அப்படித்தான், துணியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. மதிய நேரம், மாமா தூங்கியிருப்பார் என்றேன். அப்பா துணியை மடித்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"பதில் வரல," என்றார். "போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."