ஒரு கை மட்டும் நைந்த கவுன்

"எம் புள்ளைய நொண்டிங்கிறயா?" என்று அந்தோணி என் கட்டிங் மேசையில் ஓங்கி அடித்தார். தண்டவாளம் மாற்றிவிடும் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் கை அது. கத்திரியே ஒரு துள்ளு துள்ளியது.

சூரமங்கலத்தில் அன்றைக்கு டெய்லர் என்றால் நான்தான். மூணாங் கிளாசோடு நின்றவன். ஆனால் வெள்ளைக்கார ரயில் கார்டின் கோட்டு கூட என்னிடம்தான் வரும். பழைய துணியைக் கொடுத்தால், உடுத்தினவர் உட்கார்ந்து எழுதுகிறவரா, மூட்டை தூக்குகிறவரா என்று சொல்லிவிடுவேன்.

அந்தோணியின் மகள் மேரிக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு நீளக்கை கவுன் தைத்திருந்தேன். ஈஸ்டருக்கு முன்னால் உள்மடிப்பைப் பிரித்துப் பெரிதாக்கக் கொண்டுவந்தார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம். வலது கை நுனிக் கஃப்பு கடித்து, இழுத்து, தரையில் தேய்ந்து நைந்திருந்தது. இடது கஃப்பு மிஷினிலிருந்து இறங்கினபடியே இருந்தது.

"பாப்பா இந்தக் கையில எதையும் எடுக்காதுங்களா?" என்று இடது கஃப்பைக் காட்டிக் கேட்டேன்.

அந்தோணிக்குப் பெருமை. "எதைக் குடுத்தாலும் சோத்துக்கையிலதான் வாங்குவா மாஸ்டர். நாங்க சொல்லியே தரலைங்க!"

நொட்டாங்கையை நீட்டினால் தட்டி வளர்க்கிற ஊர் நம்முடையது. அதை யார் குறையென்று நினைப்பார்கள்? ஆனால் நான் நாலு பிள்ளை பெற்றவன். ஒன்பது மாதக் குழந்தை எந்தக் கைக்கு எட்டுகிறதோ அந்தக் கையால் அள்ளும், மரியாதை பார்க்காது. காலி நூல்கட்டையை இடப்பக்கம் நீட்டினேன். மேரி உடம்பையே முறுக்கி வலது கையால் பிடுங்கினாள். இடது கை கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியபடியே கிடந்தது. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன். அதற்குத்தான் மேசையில் அந்த அடி.

மறுநாள் அவர் மனைவி லூர்தம்மாள் குழந்தையோடு தனியாக வந்தாள். "எனக்கு முன்னமே தெரியுமுங்க. குளிப்பாட்டறப்ப அந்த வெரலை நாந்தான் பிரிச்சு உடுவேன். ஊட்டுல சொன்னா, வளந்தா சரியாப் போயிரும்ங்கறாங்க. நீங்க சொன்னப்புறம்தான் தைரியம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

மூளையிலிருந்து அந்தக் கைக்கு வரவேண்டிய பலம் சரியாக வரவில்லை, மருந்து கிடையாது, விளையாட்டுக் காட்டி அந்தக் கையை வேலை வாங்கு என்றாராம் டாக்டரம்மா. ஒரு வாரத்தில் லூர்தம்மாள் மறுபடி வந்தாள்.

"வலது கை நுனியை மூடித் தச்சுக் குடுங்க. அது சும்மா இருந்தாத்தானுங்க எடது அசையும்? டாக்டரம்மாவைக் கேட்டுட்டேன். நான் பக்கத்துலயே உக்காந்து, கொஞ்ச நேரம் போட்டுப் பாக்கலாம்னாங்க."

அத்தனை வருசம் மிஷின் மிதித்தும் எனக்கு வராத யோசனை. உறுத்தாமல் பை மாதிரி தைத்துக் கொடுத்தேன். அந்தத் தையல் வேறொருவனுக்கு வராது. ஆனால் மூளை அவளுடையது.

தினமும் இடது கையில் பழத்துண்டு, கிலுகிலுப்பை. மேரி அழுவாள், அம்மா விடமாட்டாள். பாட்டுப் பாடி மறுபடி நீட்டுவாள். "புள்ளைக்கு நொட்டாங்கை பழக்கறா பாரு" என்றாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. "ஆமாங்க, அதுக்குத்தான் இத்தனை பாடு" என்றாள் இவள், தலையைக்கூடத் திருப்பாமல்.

என்னோடு பேச்சை விட்டிருந்த அந்தோணி ஒருநாள் டூட்டி முடிந்து நேரே கடைக்கு வந்தார். "அந்த மூடுன கவுனு சின்னதாயிருச்சு. இன்னொண்ணு தைங்க மாஸ்டர்."

பெற்றவர்களே, பிள்ளை செய்வதைப் பார்த்து மெச்சுங்கள், செய்யாததையும் பாருங்கள். அம்மாக்காரி ஏதோ சரியில்லை என்றால், வளர்ந்தால் சரியாகும் என்று வாயை அடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு வயதில் பள்ளிக்கூட கவுனைப் போட்டுப் பார்க்க மேரி அம்மாவோடு வந்தாள். இடது கையில் பாதி வலுதான். விரல்கள் தனித்தனியாக மடங்காது. அதனால் அந்தக் கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டனைக் காஜாத் துளையில் தள்ளினாள். நழுவியது. மறுபடி நழுவியது. கடையில் மூன்று பேர் காத்து நின்றார்கள். நான் கையை நீட்டினேன்.

"உடுங்க மாஸ்டர்" என்றாள் லூர்தம்மாள்.

கடைசிப் பட்டனும் ஏறியது. மேரி நிமிர்ந்து, "காஜாவைச் சின்னதா வெட்டிட்டீங்க" என்று என்னை முறைத்தாள்.

என் காஜா எந்தக் காலத்திலும் சின்னதாக இருந்ததில்லை.

"ஆமா சாமி, என் தப்புத்தான்" என்றேன்.